மூப்பருக்கு அடிக்காத மணி

“…அப்போ என்ற மனுசனுக்கு மணியும் கெடையாது, தப்பட்டையும் கெடையாது. அப்படித்தானுங்களே, உபதேசியாரே? ஒரு காக்கா செத்து உழுந்தா ஊர்க் காக்கா பூராத்தும் வந்து கத்துதுங்க. எங்களுக்கு அதுகூட இல்லையாக்கும்?”

கருங்கல்மேட்டுக் கோயில் வாசலில் நின்றுகொண்டு சாராள் என்னைக் கேட்டாள். அவள் புருஷன் யாக்கோபு மூப்பர் அன்று காலையில்தான் கண்ணை மூடியிருந்தார். எனக்குப் பின்னால், கதவுக்கு உட்புறம், குரு நின்றிருந்தார். மணிக்கயிறு சுவர் ஆணியில் சுருட்டிக் கட்டியிருந்தது.  

போன மாதம் ஓர் இளம் குரு சேலம் அஸ்தம்பட்டியில் நான் இருக்கும் வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். நாட்டுப்புறத்து லுத்தரன் சபைகளின் சரித்திரத்தை எழுதப் போகிறார்களாம். “கருங்கல்மேட்டில் கடைசியாக இருந்த உபதேசியார் நீங்கள்தான். அஸ்திவாரம் போட்டது யார், மணி எப்படி வந்தது, சபை எப்படி வளர்ந்தது, எல்லாம் எழுதிக் கொடுங்கள் ஐயா” என்றார். நல்ல பிள்ளை. நான் பேசிக்கொண்டே இருக்க, அவருடைய காபி ஆறிப்போனதைக்கூடப் பார்க்காமல் கேட்டார். ஆனால் எழுத உட்கார்ந்தால் அஸ்திவாரம் நினைவுக்கு வரவில்லை. சாராளின் குரல்தான் வருகிறது. ஆகையால் வருகிறபடியே எழுதுகிறேன். வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடட்டும்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாமகிரிப்பேட்டைப் பக்கம் பாரவண்டி ஓட்டியவரின் மகன் நான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. மளிகைக்கடையில் பொட்டலம் மடித்துவரும் காகிதத்தைப் பிரித்துப் பிரித்துப் படித்தே வாசிக்கப் பழகினேன். பிறகு மிஷனில் உபதேசியார் பயிற்சி. அங்கே கற்றதில் பாதி மறந்துவிட்டது. ஜனங்கள் பேசியது மட்டும் மறக்கவில்லை. யார் எதைச் சொன்னாலும் அவர்கள் வாயில் வந்த மாதிரியே என் காதில் தங்கிவிடும். அது ஒரு குணம். அதற்குச் சம்பளம் கிடையாது.

கருங்கல்மேடு எருமப்பட்டிக்குத் தெற்கே இருக்கிறது. நான் உபதேசியாராக அங்கே போனபோது கோயில் இல்லை. சோளத்தட்டு வேய்ந்த ஒரு ஜெபக்கொட்டகைதான். சேரியில் இருந்தவர்கள் எல்லாரும் பண்ணையாட்கள். வீடு நிற்கிற மண், குடிக்கிற கிணறு, ஆடு மேய்கிற வரப்பு எல்லாம் பண்ணாடிக்குச் சொந்தம். நிலத்துக்காரக் கவுண்டரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், பண்ணாடி என்று. காட்டு வேலை போக அவர்களுக்கு இன்னொரு கடமையும் இருந்தது. ஊரில் சாவு விழுந்தால் தப்பட்டை அடிக்க வேண்டும். அழைப்பு என்று ஒன்று கிடையாது. காதில் அழுகைச் சத்தம் விழுந்ததும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும்.

யாக்கோபுக்கு அப்போது பெயர் கருப்பன். அந்தப் பக்கத்தில் அவனைப் போல அடிக்கிறவன் இல்லை என்பார்கள். “கருப்பன் அடிச்சா செத்தவங்களே எந்திரிச்சு, சித்த நேரம் கேட்டுப்போட்டுப் போலாமான்னு பார்ப்பாங்க” என்று அவன் பங்காளி ஒருவன் என்னிடம் சொன்னான். ஆனால் அவர்கள் சேரியில் யாராவது செத்தால் தப்பட்டை பெரிதாக அடிக்கக் கூடாது. ஊருக்குக் கேட்கக் கூடாது என்று கட்டுப்பாடு. கருப்பனின் அப்பன் செத்தபோது விரல் நுனியால் தட்டிக்கொண்டு போய்ப் புதைத்தார்களாம். அதை அவன் மறக்கவே இல்லை.

அப்போது மிஷனெரி ஐயர் ஒருவர் இருந்தார். ஜெர்மானியர், நெடிய மனிதர். எங்கள் ஜனங்களுக்குப் பாதிரிமார் எல்லாரும் ஐயர்தான். அவருடைய தமிழ் புத்தகத்திலிருந்து அப்படியே எழுந்து வந்த தமிழ். “நீவிர் எங்ஙனம் உள்ளீர்?” என்பார். சேரிப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வார்கள். “ஐயரு நல்லாத்தான் பேசறாரு, நமக்குத்தான் தமிழ் தெரியலையாட்ட இருக்குது” என்று ஒரு கிழவி சொன்னதைக் கேட்டு அவரே சிரித்திருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் சிரிப்பு கிடையாது. தப்பட்டை பேய்க்கு அடிக்கிற மேளம், அதை விட்டால்தான் ஞானஸ்நானம் என்று திட்டமாகச் சொல்லிவிட்டார்.

கருப்பன் கேட்டான், “அதை உட்டுப்போட்டா எங்களுக்கு என்னதாங்க இருக்குது?”

ஐயர் மணியைப் பற்றிச் சொன்னார். தம் தேசத்திலிருந்து ஒரு வெண்கல மணி வரும். அதைக் கோயிலில் தூக்குவோம். சபையில் ஒருவர் மரித்தால், அவர் யாரானாலும், அந்த மணி அடிக்கும். எவ்வளவு தூரம் கேட்குமோ அவ்வளவு தூரம் கேட்கட்டும்.

 “எங்க சாவுக்குங்களா?” என்றான் கருப்பன்.

“உங்கள் சாவுக்கே.”

“சத்தமாவா?”

“சத்தமாகவே.”

மற்ற உபதேசங்களை நான்தான் நடத்தினேன். பத்துக் கற்பனை என்கிற பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், எல்லாம் மாடு கட்டிவிட்டு வந்து உட்கார்ந்து மனப்பாடம் செய்தார்கள். ஆனால் அவர்களைக் கோயிலுக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு பேச்சுதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஞானஸ்நானம் நடந்த நாளில் ஆண்கள் வரிசையாக வந்து அவரவர் தப்பட்டையை ஐயர் காலடியில் வைத்தார்கள். சில ஊர்களில் அவற்றைக் கொளுத்திவிடுவார்கள். எங்கள் ஐயர் கொளுத்தவில்லை. ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டினார். “இது இவர்கள் விட்டு வந்ததற்குச் சாட்சியாக இருக்கட்டும்” என்றார். கோயில் கட்டி முடிந்ததும் அந்தப் பெட்டி பீடத்துக்குப் பின்னால் அங்கி மாட்டும் சிற்றறைக்குப் போய்ச் சேர்ந்தது.

கருப்பன் யாக்கோபு ஆனான். அவன் மனைவி சாராள் ஆனாள். ஞானஸ்நானம் வாங்காத பங்காளிகள் சில குடும்பங்கள் அதே சேரியில் தங்கள் பழைய வழியிலேயே இருந்தார்கள். ஊர்ச் சாவுகளை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். “உங்க பங்குக்கும் சேத்தி நாங்க அடிக்கறோம். மோட்சத்துல எங்க பங்குக்கும் சேத்தி நீங்க எடம் போட்டு வெய்யுங்க” என்று கேலி பேசுவார்கள். அந்தக் கேலியில் அப்போது விஷம் இல்லை.

மணி சேலத்துக்கு ரயிலில் வந்து, அங்கிருந்து வண்டியில் வந்தது. கடைசித் தூரம் மாட்டை அவிழ்த்துவிட்டு ஆண்களே வண்டியை இழுத்தார்கள். யாக்கோபுதான் சபைப் பெரியவராகிய மூப்பர், மணி அடிக்கிறவரும் அவரே. (மூப்பரான பிறகு நானும் அவரை மரியாதையாகத்தான் சொல்வேன்.) கயிற்றை இழுக்கிறவர்கள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். அவரைப் போல யாரும் இல்லை. மேளக்காரன் கை அல்லவா. ஆராதனைக்கு ஒரு நடை, கல்யாணத்துக்கு ஒரு நடை. சாவுக்கு ஒரே ஒரு அடி. அது முழுக்க அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடி.

முதல் சாவு அன்னாள் ஆயா. மணி அடித்தபோது பண்ணாடி காட்டில் நின்றிருந்தாராம். “என்னடா அது, எவன்டா செத்தது?” என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் களை வெட்டிக்கொண்டிருந்த நம் ஆள் நிமிர்ந்து, “எங்க ஆயாளுங்க” என்றானாம். அவ்வளவுதான் கதை. அந்தக் கதையை அவர்கள் வருஷக்கணக்கில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். “எங்க ஆயாளுங்க” என்று ஒருவன் சொன்னால் போதும், கூட்டமே சிரிக்கும். சபை நன்றாக இருந்த காலம் எது என்று இளம் குரு கேட்டால், அந்தச் சிரிப்பு இருந்த காலம் என்பேன்.

ஐரோப்பாவில் இரண்டாம் சண்டை தொடங்கியதும் போலீஸ்காரர்கள் வந்து ஐயரை அழைத்துப் போனார்கள். எதிரி தேசத்துக்காரராம். அவர் தம் புத்தகத் தமிழில், “பிரியமானவர்களே, நிலைத்திருங்கள்” என்று சொல்லிவிட்டு ஏறினார். சாராள் அவர் கையில் ஒரு இளநீரைக் கொடுத்தாள். அதைக் குடிக்கப் போலீஸ்காரர்கள் நேரம் கொடுத்தார்கள், அந்த மட்டில் நல்லவர்கள்தான்.

அவருக்குப் பதிலாக வந்தவர் தஞ்சாவூர்ச் சீமையைச் சேர்ந்த தமிழ்க் குரு. இவரைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை, அதுதான் கஷ்டம். நாமக்கல்லில் இருந்துகொண்டு ஏகப்பட்ட கிராமங்களைச் சைக்கிளில் சுற்றிப் பார்த்துக்கொண்டார். எந்த வீட்டுக்குள் போனாலும் செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டுத்தான் நுழைவார். வந்த காரியம் முடியும்வரை தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். குரல் உயராது. ஒரு கடுமையான விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றி, மேல்வேட்டி முனையால் ஒரு பக்கம், மறுபக்கம் என்று துடைப்பார். “இந்த ஐயரு வாயில கோவமே வரமாட்டேங்குது, அதான் எனக்குப் பயமா இருக்குது” என்று தாவீது என்ற எங்கள் சபைக்காரர் சொன்னார். சபை ஒழுங்கு அவருக்கு உயிர். “ஒழுங்கை என் இஷ்டத்துக்கு நான் வளைத்தால், நாளைக்கு இன்னொருவர் தம் இஷ்டத்துக்கு உங்களை வளைப்பார்” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். அதில் தப்பு கண்டுபிடிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

பிறகு மழை பொய்த்தது. ஞானஸ்நானம் வாங்காத பங்காளிகள் எல்லாரும் ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்துக்குப் பிழைக்கப் போனார்கள். எங்கள் ஆட்கள், கோயிலும் பள்ளிக்கூடமும் இருக்கிறதே என்று ஊரிலேயே தங்கினார்கள். அந்தச் சமயம் பார்த்துப் பெரிய பண்ணாடி செத்துப்போனார்.

அவர் மகன் ஆள் அனுப்பினான். வந்த காரியஸ்தன் கோயில் எதிரில் நின்று சொன்னான்: “எங்க பெரியவரு ஊமையாப் போகமாட்டாருடா. மேளம் வரோணும். வரலைன்னா நாளைக்குக் கெணத்துல கொடம் எறங்காது, காட்டுல காலு எறங்காது, சேரியில கூரை நிக்காது. ரோசனை பண்ணிக்கோங்க.”

அது வெறும் மிரட்டல் இல்லை. செய்யக்கூடியவன்தான். அந்த வறட்சியில் வேறு கிணறு கிடையாது. ஆண்கள் கோயிலுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். குருவைக் கேட்கலாம் என்றால் அவர் ராசிபுரத்துப் பக்கம் எங்கோ சுற்றில் இருந்தார். பிணமோ வெயிலில் காத்திருக்காது. எல்லாரும் போகலாம் என்றார் ஒருவர். யாருமே போக வேண்டாம், கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்றார் இன்னொருவர். அப்படிச் சொன்னவருக்குக் குழந்தை இல்லை என்று வாசலில் நின்ற சாராள் நறுக்கென்று சொன்னாள்.

கடைசியில் யாக்கோபு மூப்பர் எழுந்தார். “நானொருத்தன் போறேன். கெட்டா நானொருத்தன் கெடறேன். ஆரும் எம்பின்னால வரக் கூடாது” என்றார். பெட்டியின் சாவி குருவிடம் இருந்தது. மூப்பர் அந்தப் பெட்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மலைக்குப் போன பங்காளி ஒருவன் வீட்டில் மாட்டியிருந்த தப்பட்டையை எடுத்துக்கொண்டு தனியாகப் போனார். ஒரே ஆள் அடித்த மேளம் அன்றைக்கு எருமப்பட்டிச் சாலை வரைக்கும் கேட்டது. நாங்கள் கோயிலில் உட்கார்ந்து கேட்டோம். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கிணறு நிலைத்தது. கூரை நிலைத்தது. குரு வந்தார்.

சபை ஒழுங்கில் இதற்கு ஒரு முறை உண்டு. முதலில் குரு தனியே போய்ப் புத்தி சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் இரண்டு சபையாரைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அப்போதும் கேட்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்ததும் சபைக்கு முன்னால் அறிவிக்க வேண்டும். அறிவித்தபின் அந்த ஆள் ஆராதனைக்கு வரலாம். வாசல் ஓரம், பாய்க்கு வெளியே, வெறும் தரையில் உட்கார வேண்டும். நற்கருணை அப்பமும் திராட்சரசமும் கிடையாது. அந்த நிலையில் செத்தால் கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு; குருவின் அங்கி, பாட்டு, மணி மூன்றும் கிடையாது. இதிலிருந்து மீள ஒரே வழி, சபை முன்னால் நின்று, செய்தது பாவம் என்று வாயால் சொல்வது. சொன்ன மறுநிமிஷம் எல்லாம் திரும்பிவிடும். அத்தனை சுலபம்.

மூன்று படியிலும் நான் கூட இருந்தேன். குரு ஒரு படியையும் அவசரப்படுத்தவில்லை. முதல் நாள் மூப்பர் வீட்டில், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டார்.

“யாக்கோபு, நீங்கள் எதற்காகப் போனீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் செய்தது பாவம் என்று ஒப்புக்கொள்கிறீர்களா?”

“பாவமுன்னு எனக்குப் படலீங்க, ஐயரே.”

“பயத்தினால் செய்தோம் என்றாவது?”

“பயந்துதானுங்க செஞ்சேன். கொழந்தைக தண்ணியில்லாமச் சாகுமுன்னு பயம். அந்தப் பயம் பாவமுங்களா?”

“சபைக்கு இடறலாக இருக்கிறதே.”

“அந்தச் சபை குடிக்கற தண்ணி அதுலதானுங்க வந்துச்சு.”

குரு கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாக்கோபு” என்றார்.

“படாததைப் பட்டுதுன்னு சொன்னா அது பொய்யிங்க. நீங்களும் உபதேசியாரும்தானுங்க பொய் பேசப்படாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அந்தக் கற்பனையை எதுக்கு நான் மனப்பாடம் பண்ணுனேன்?”

பிறகு நான் தனியாகப் போய்ப் பேசினேன். வருத்தப்படுகிறேன் என்று மட்டும் சொல்லுங்கள், குருவை நான் சம்மதிக்க வைக்கிறேன் என்றேன். “வருத்தந்தாங்க. பாவமுன்னு வருத்தமில்லீங்க, கவுறு போச்சேன்னு வருத்தம்” என்றார். கயிறு என்றது மணிக்கயிறு. அதைக் குருவிடம் போய்ச் சொன்னேன். அவர் அதை எழுதி வைத்துப் பார்க்கிறவர் போலத் தமக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் தலையை ஆட்டினார். “அது துக்கம். மனந்திரும்புதல் இல்லை” என்றார்.

இரண்டாம் படிக்குச் சாட்சியாகப் போனவர்களில் தாவீதும் ஒருவர். அந்தக் கிணற்றில் அன்று காலையில் தண்ணீர் இறைத்துவிட்டு வந்தவர்தான். சாராள் அவரைப் பார்த்து, “வாங்க தாவீதண்ணா, தண்ணி குடிக்கறீங்களா?” என்று கேட்டாள். 

ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு வந்தது. மூப்பர் தாமாகவே எழுந்து, பாயைத் தாண்டி, வாசல் ஓரத்துத் தரையில் போய் உட்கார்ந்தார். அன்றிலிருந்து இரண்டு மழைக்காலம் அங்கேதான் உட்கார்ந்தார். ஓர் ஆராதனையைக்கூட விடவில்லை. மணியை வேறொருவர் அடித்தார். அவருக்குக் கை ஓடவில்லை. ஒரு அடி அவசரமாகவும் ஒரு அடி தூங்கிக்கொண்டும் வரும். அப்போதெல்லாம் மூப்பரின் விரல்கள் அவர் முழங்கால்மேல் மெல்ல அசையும், தவறிய அடியை அங்கே சரிப்படுத்துகிற மாதிரி. நற்கருணை நேரத்தில் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். முடிந்ததும் திரும்பி வந்து ஆசீர்வாதத்துக்குத் தலை குனிவார். ஆசீர்வாதம் அவருக்கும் சேர்ந்ததுதானா என்று நான் குருவைக் கேட்டதில்லை.

ஏற்காட்டுக்குப் போன பங்காளிகள் திரும்பி வந்தார்கள். மூப்பர் தங்கள் தப்பட்டையை எடுத்து அடித்தது அவர்களுக்குத் தெரிந்தது. “பேய் மேளமுன்னு காறித் துப்பிப்போட்டுப் போனவன், தேவைப்பட்டதும் எங்க ஊட்டுல பூந்து எடுத்துக்கிட்டான்” என்றார்கள். பழைய கேலி எங்கே போயிற்றோ தெரியவில்லை.

மூப்பர் தரையில் உட்கார்ந்த இரண்டாம் வருஷம் விஷக்காய்ச்சல் வந்தது. சண்டைக்காலத்துப் பஞ்சம் வேறு. கடையில் தானியம் கிடைப்பதே அரிது. மூப்பர் படுத்தார். அவர் சாகக் கிடந்த அன்று சனிக்கிழமை. மறுநாள் நற்கருணை என்பதால் அதில் சேரப் பெயர் கொடுக்கிறவர்களைப் பார்க்கக் குரு வந்திருந்தார். விடிந்ததும் விடியாததுமாக மூப்பர் வீட்டுக்குப் போனோம். குரு செருப்பை வாசலில் ஜோடியாக வைத்தார். குனிந்து, அவர் கையைத் தம் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியைக் கேட்டார். இந்தத் தடவை கண்ணாடியைத் துடைக்கவில்லை. கண்ணைத் துடைத்தார்.

மூப்பர் சிரமப்பட்டுச் சொன்னார்: “ஐயரே, நீங்க நல்லவருங்க. சாவறப்ப என்னைப் பொய் பேச வெக்காதீங்க.”

வெயில் ஏறுவதற்குள் போய்விட்டார்.

அவருடைய மைத்துனன் ஒருவன் பங்காளிகளிடம் ஓடினான். ஒரு தடவை, சும்மா தெரு முனை வரைக்கும் அடித்தால் போதும் என்று காலில் விழுந்தான். அவர்களில் மூத்தவன், “வேதக்காரங்களுக்கு மணி இருக்குதல்லோ? அதைக் கேளு போ” என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

நான் குருவிடம் கேட்டேன். “ஐயரே, ஒரு அடி” என்றேன். “அந்த ஒரு அடியை நான் கொடுத்தால், இரண்டு வருஷம் அவர் தரையில் உட்கார்ந்ததற்கு என்ன அர்த்தம்?” என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழுதார். மணி அடிக்கச் சொல்லவில்லை.

அதன் பிறகு நடந்ததை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன், சரித்திரம் கேட்கிறவர்களுக்காக. மறுநாள் நற்கருணைக்கு ஒருவரும் வரவில்லை. அப்பமும் திராட்சரசமும் பீடத்தில் இருந்தன, குரு அங்கியோடு நின்றார், நான் உட்கார்ந்திருந்தேன். மதியம் வரைக்கும் நின்றுவிட்டு அங்கியைக் கழற்றினார். சண்டை போட்டு யாரும் போகவில்லை. அப்படிப் போயிருந்தால் திரும்பக் கூப்பிடலாம். ஒரு குடும்பம் நெற்றியில் திருநீறு வைத்துக்கொண்டு தெருவில் வந்தது. அடுத்த குடும்பம் ஏற்காட்டுக்குப் போயிற்று. இன்னொன்று கோயில் பக்கம் நடக்காமல் சுற்றிப் போகப் பழகிற்று. தாவீதுதான் கடைசி. அவரும் ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று, “வாரேனுங்க” என்றார். வரவில்லை. பிள்ளைகள் இல்லாததால் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். என்னைச் சேலத்துக்கு மாற்றினார்கள். மணியை இறக்கி வேறொரு சபைக்குக் கொண்டுபோனார்கள். அது எங்கே தொங்குகிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் போவதில்லை. கோயிலில் இப்போது சுவர் மட்டும் இருக்கிறது என்று கேள்வி, ஆடு அடைக்கிறார்களாம். அந்தக் குரு பிறகு வேறு எங்கும் யாரையும் வாசல் ஓரத்துத் தரையில் உட்கார வைத்ததில்லை என்று சொன்னார்கள். இருக்கலாம். அதனால் கருங்கல்மேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சாராள் கேட்டதற்கு வருகிறேன்.

அவள் என்னை விட்டு, எனக்குப் பின்னால் நின்ற குருவைப் பார்த்தாள். அழுது முடித்த முகம். குரலில் சண்டை இல்லை.

“மணி தாரமுன்னு சொல்லித்தானுங்க தப்பட்டையை வாங்கி வெச்சீங்க. மணி இல்லீன்னு ஆயிப்போச்சு. செரி. அன்னைக்கு வாங்குனதைத் திருப்பிக் குடுத்துப்போடுங்க.”

 “அது அவர்களுடையதுதான்” என்று குரு என்னிடம் சொல்கிற மாதிரிச் சொன்னார். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து ஒரு சிறு சாவியைத் தேடி, கழற்றி, அவள் கையில் வைத்தார்.

சாராள் பீடத்துக்குப் பின்னால் போனாள். நானும் போனேன். பூட்டு துருப்பிடித்திருந்தது, இரண்டு கையாலும் திருகித் திறந்தாள். உள்ளே தப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன, ஞானஸ்நானத்தன்று வைத்த மாதிரியே. மேலே இருந்ததைத் தூக்கினாள். தோலே இல்லை. அடுத்ததிலும் இல்லை. எத்தனை வருஷமாகவோ எலி தின்று, எல்லாம் வெறும் மர வளையமாகக் கிடந்தன. அடியில் ஒரு வளையத்தில் பழைய சிவப்புச் சேலைக் கிழிசல் தோள்வாராகக் கட்டியிருந்தது. அது அவள் சேலைதான் போலும், தொட்டுப் பார்த்தாள்.

அதை எடுத்து, வெளியே கொண்டுவந்து, மண்ணைத் தட்டினாள். வளையத்துக்குள் கையை விட்டுப் பார்த்தாள். கை அந்தப் பக்கம் வந்தது. கோயில் எதிரில் இறக்கியிருந்த பாடையைத் தூக்க ஆண்கள் குனிந்து நின்றார்கள். அந்த ஊரில் பெண்கள் பாடைக்கு முன்னால் நடப்பதில்லை. சாராள் சேலைக் கிழிசலைத் தலை வழியாகப் போட்டு, வளையத்தை இடது தோளில் மாட்டிக்கொண்டாள். வேலியில் ஒரு குச்சியை ஒடித்தாள். பாடைக்கு முன்னால் போய் நின்று, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், மரவிளிம்பில் ஒரு அடி அடித்து, அது அடங்கும்வரை காத்திருந்து, அடுத்த அடி.